பல்லி விழாத சாம்பார்

எந்திரிக்காதீங்க மதினி. உக்காருங்க. சொட்டு மருந்து விட்ட கண்ணோட நடந்தீகன்னா எதுலயாவது முட்டிக்கிடுவீக. நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்க எந்திரிச்சது எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கீகளா? பெஞ்சு ஆடுச்சுல்லா. வளையல் சத்தம் கேட்டுச்சு. இப்பம் கொஞ்ச நாளா எனக்குக் காதுதான் நல்லா வேலை செய்யுது.

மதினின்னு கூப்பிடுறதுல வருத்தம் இல்லியே? உங்க முகத்தை நான் பாக்கல, என் முகத்தை நீங்க பாக்கல. நர்சுப் பிள்ள ரெண்டு பேருக்கும் சொட்டு விட்டு, அரைமணி நேரம் கண்ணைத் தொறக்கக் கூடாதுன்னுட்டுப் போயிட்டா. குரல் என் வயசுக் குரலா இருக்கு, அதான் மதினின்னேன். அழுத குரலா இருந்தாலும் வயசு தெரியத்தானே செய்யும்.

லேசருன்னுட்டாகளா? இன்னைக்கேவா? எந்தக் கண்ணுக்கு? புருவத்துக்கு மேல பிளாஸ்திரி ஒட்டியிருப்பாக, தொட்டுப் பாருங்க. அந்தப் பக்கந்தான். எனக்கு ஆடி மாசம் வலது பக்கம் ஒட்டுனாக. இன்னைக்கி ஒட்டல. நான் இன்னைக்கி சும்மா வந்தேன். கண்ணு நல்லா இருக்குன்னு ஒரு சீட்டு எழுதி வாங்கிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிக்கணும். அம்புட்டுத்தான், வேற ஒண்ணுமில்ல. துணைக்கு ஆள் வந்திருக்கான்னு கேட்டாக. டீ குடிக்கப் போயிருக்காகன்னு சொல்லிட்டேன். யாரு வந்தா? ஒருத்தரும் வரல.

வீட்டுக்குப் போயிருதேன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் அப்படிப் போனவ. நாலு வருசத்துக்கு முன்னால இதே இடத்துல எனக்கு இடது கண்ணுக்குச் சொன்னாக. சுகரு கூடிப்போயி விழித்திரையில ரத்தம் கசியுதும்மா, இப்பம் லேசர் வெச்சா காப்பாத்திரலாம்னாக. பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டு எந்திரிச்சவ, நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். யாரு கண்ணுக்குள்ள நெருப்பை வைக்க விடுவான்னு நெனச்சேன். இப்பம் அந்தக் கண்ணுல விளக்கு எரியுதா எரியலையான்னு தெரியும். ஆள் தெரியாது. மிச்சம் இருக்கது இந்த வலது கண்ணு ஒண்ணுதான் மதினி. இதுவும் போச்சுன்னா நான் என்ன செய்வேன்? அதனாலதான் சொல்லுதேன், உக்காருங்க.

பேரு ஆவுடைத்தாய். சங்கரன்கோயில்ல இருந்து உள்ள போகணும் எங்க ஊருக்கு. நடுநிலைப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கேன். வர்ற தை வந்தா பத்தொம்பது வருசம். வீட்டுக்காரரு இல்ல. ஒத்த மக, திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கு. மத்தபடி எனக்கு இருக்கது அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகதான். ஆயா ஆயான்னு தொண்ணூத்தாறு பிள்ளைக.

லேசரு வலிக்குமான்னு கேட்டீகள்ல? வலின்னு சொல்ல முடியாது. ஒரு மிசின்ல தாடையை வெச்சு, நெத்தியை முட்டிக்கிட்டு உக்காரச் சொல்லுவாக. கண்ணுமேல ஒரு கண்ணாடியைக் கொண்டாந்து வெப்பாக. அப்புறம் பச்சை வெளிச்சம், பளிச் பளிச்சுன்னு வந்துக்கிட்டே இருக்கும். நான் எண்ண ஆரம்பிச்சேன், அறுபதுக்கு மேல முடியல. ஒண்ணொண்ணு பின்மண்டையில போயிச் சுருக்குன்னு தைக்கும். அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. ஆடாதீங்கம்மா, ஆடாதீங்கம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. நான் எங்க ஆடுனேன், என் கால் ரெண்டும் தானா ஆடுச்சு.

பயமெல்லாம் அதுக்கு அப்புறந்தான். முடிஞ்சுது, எந்திரிங்கன்னாக. எந்திரிச்சா கும்மிருட்டு. பட்டப்பகல்ல! ஐயோ என் கண்ணு போச்சேன்னு கத்திட்டேன். வெளிய வரிசையில இருந்தவுகள்ல ரெண்டு பேரு எந்திரிச்சு ஓடிட்டதாப் பின்னால சொன்னாக. கொஞ்ச நேரத்துல இருட்டு வெலகி எல்லாம் ஊதாக் கலராத் தெரிஞ்சுச்சு. டாக்டரம்மா கோட்டு ஊதா, சுவரு ஊதா, என் கை ஊதா. அவுக என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இது தெளிஞ்சிரும்மான்னாக. ஊர் போய்ச் சேரங்குள்ள கலரு திரும்பிருச்சு. உங்களுக்கும் அப்படி இருட்டுனா கத்திராதீங்க, என்ன?

மொத வாரம் எண்ணெய் பட்ட தாள் வழியாப் பாக்க மாதிரி இருந்துச்சு. வெயில்ல இருந்து அடுப்படிக்குள்ள நுழைஞ்சா கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணுமே தெரியாது. நின்னு, கதவு நெலையைப் பிடிச்சு, அப்புறந்தான் உள்ள போவேன். பொழுது சாஞ்சா வெளிய இறங்க மாட்டேன். கண்ணுக்குள்ள கொசு மாதிரி கருப்புக் கருப்பா மெதக்கும். அது வரும், பயப்படாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்புனாக. பயப்பட வேண்டியதையும் சொன்னாக. நர்சுப் பிள்ள சீட்டைப் பாத்து மூணு தடவை வாசிச்சா. "திடீர்னு நெறையக் கருப்பு கொட்டுனாலும், ஓரத்துல மின்னல் வெட்டுனாலும், திரை விழுந்த மாதிரி மறைச்சாலும் அன்னைக்கே வந்திரணும். சீட்டுல போட்ட தேதிக்குக் காத்திருக்கக் கூடாது." பாத்தீகளா, ஒரு எழுத்து விடாமச் சொல்லுதேன். காதுல கேட்டது எனக்கு அப்படியே மனப்பாடம் ஆயிரும்.

மூணாவது வாரம் ஒரு நா, சொளகுல அரிசியைப் போட்டுப் பொடைக்கேன். ஒரு கல்லு. வெள்ளைக் கல்லு, அரிசி மாதிரியே இருக்கு. எனக்குத் தெரிஞ்சுது மதினி! அந்தக் கல்லை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்து அழுதுட்டேன். கண்ணு திரும்பிருச்சு, இனிமே பயமில்லைன்னு நெனச்சேன்.

அப்புறந்தான் பல்லி வந்துச்சு.

சத்துணவு சமைக்கிற எவளைக் கேட்டாலும் சொல்லுவா, எங்களுக்குச் சாமிக்குப் பயப்படுறதைவிடப் பல்லிக்குத்தான் பயம். அண்டாவுல பல்லி விழுந்துச்சுன்னா பிள்ளைகளுக்கு வாந்தி, ஆம்புலன்சு, பேப்பர்ல போட்டோ. மூடி போடாம நான் அடுப்பை விட்டு நகர்ந்ததே கிடையாது. அன்னைக்கி வியாழக்கிழமை, சாம்பார் நாளு. சாம்பார் தளதளன்னு கொதிக்குது. கருப்பா ஒண்ணு, வாலோட, அண்டாவுல இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு நீந்துது. சத்தியமாப் பாத்தேன். வாலு நெளிஞ்சதைக்கூடப் பாத்தேன். ரெண்டு துணியைச் சேத்துப் பிடிச்சு அண்டாவை இழுத்துட்டுப் போயி அம்புட்டுச் சாம்பாரையும் குழியில கவுத்திட்டேன். கம்பை வெச்சுக் கிண்டிப் பாக்கேன். முருங்கைக்காய் கிடக்கு, கத்திரிக்காய் கிடக்கு. பல்லியக் காணோம். எங்க போச்சுன்னு தலையைத் தூக்குனா, எதுத்த வெள்ளைச் சுவத்துல அதே பல்லி நீந்துது. நான் மேல பாத்தா மேல வருது, கீழ பாத்தா கீழ வருது.

அது என் கண்ணுக்குள்ள இருந்த கருப்பு மதினி.

தொண்ணூத்தாறு பிள்ளைகளும் வெறுஞ்சோத்துல முட்டையைப் பிசைஞ்சு தின்னுச்சுக. அமைப்பாளரு மரகதம்மா, சத்துணவுக்குப் பொறுப்பு அவுகதான், என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஆவுடை, கண்ணு தெரியாத ஆளை நான் அடுப்புக்கிட்ட விட முடியாது. நல்லாத் தெரியுதுன்னு ஆஸ்பத்திரியில சீட்டு வாங்கிட்டு வா"ன்னாக. அவுகளைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்த வேலை இல்லைன்னா நான் வீட்டுல ஒத்தையில மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கணுமே.

அதனால அப்பமே ஒரு தடவை இங்க வந்தேன். இங்க மொத பெஞ்சுல வரிசையா உக்கார வெச்சு, ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் போர்டுல உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லுதாகல்ல? எனக்கு முன்னால பதினாலு பேரு. எல்லாருக்கும் அதே போர்டு. மேல பெருசா ஒத்த ட. அதுக்குக் கீழ ப, ர. அப்புறம் க, ம, ய. ஒவ்வொருத்தரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சத்தமாப் படிக்காக. தப்பாச் சொன்னா நர்சுப் பிள்ள திருத்துது. பதினாலு தடவை கேட்டா யாருக்குத்தான் மனசுல நிக்காது? அன்னைக்கி எனக்கு முக்காவாசி நெசமாவே தெரிஞ்சுது. கடைசி ரெண்டு வரியைத்தான் காதுல கேட்டதை வெச்சுச் சொன்னேன். பரவால்லயே பாட்டிம்மான்னு நர்சுப் பிள்ள சிரிச்சா. சீட்டு குடுத்தாக. மரகதம்மா வாங்கி பீரோவுல வெச்சுக்கிட்டாக.

இன்னைக்கா? இன்னைக்கும் படிச்சேன். கடகடன்னு படிச்சேன்.

இந்தத் தடவை எதுக்குச் சீட்டுன்னா, ஒரு ரெண்டாங்கிளாஸ் பிள்ளையால வந்த வினை. பேரு சஷ்மிதாவாம், என் வாயில நுழையாது, சசின்னு கூப்பிடுவேன். இத்தனூண்டு இருக்கும். அதுக்கு முட்டையில மஞ்சக் கரு பிடிக்காதுன்னு வெள்ளை பெருசா உள்ள முட்டையா நான் பாத்துப் பாத்துப் போட்டிருக்கேன். அது எனக்குச் செஞ்சதைக் கேளுங்க.

இருங்க, அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். ரெண்டு வாரத்துக்கு முன்னால கண்ணுல கருப்பு கொஞ்சம் கூடுச்சு. கொஞ்சம்னா, மிளகைத் தாளிச்சுக் கொட்டுன மாதிரி. நான் கண்டுக்கல. ஒரு தடவை பல்லின்னு ஏமாந்து சாம்பாரைக் கொட்டுனவ, மறுபடி ஏமாறுவேனா? எந்தக் கருப்பு வந்தாலும் போ, நீ கண்ணுக்குள்ள இருக்கதுதானேன்னு சொல்லிப் பழகிட்டேன். ரெண்டு மூணு நாள் கழிச்சு வலது ஓரத்துல ஒரு மறைப்பு. தலையில முந்தானை போட்டா ஓரத்துல தொங்கும் பாருங்க, அப்படி. கையை வெச்சு ஒதுக்கிக்கூடப் பாத்தேன். கையில ஒண்ணும் தட்டுப்படல. அலுப்பா இருக்கும், தூங்குனாச் சரியாயிரும்னு விட்டுட்டேன்.

என்னது? திரையா? திரையெல்லாம் இல்ல மதினி. நான்தான் மறைப்புன்னு சொல்லுதேன்ல. திரைன்னா கண்ணை முழுசா மூடணும். இது பாதி வரைக்குந்தான் வந்திருக்கு.

பிள்ள கதைக்கு வாரேன். வரிசை வலது பக்கமிருந்து வரும். தட்டை நீட்டும், நான் மொண்டு ஊத்துவேன், இடது பக்கமா நகரும். பத்தொம்பது வருசமா அப்படித்தான். அன்னைக்கி இந்தச் சசி வந்து நிக்கு. நான் கரண்டியைச் சாய்க்கேன், தட்டு அங்க இல்ல. தட்டை இழுத்துருச்சு. கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரு அது மணிக்கட்டுல விழுந்து, நிமிசத்துல கொப்பளம் பொங்கிருச்சு. தண்ணியை ஊத்தினேன், மாவு கரைச்சு ஊத்தினேன். டீச்சரு ஓடியாந்தாக. "இது தட்டை இழுத்துருச்சு டீச்சர்"னு சொன்னேன். டீச்சரு, "சாம்பார் ஊத்தும்போது விளையாட்டா?"ன்னு அதை அதட்டுனாக. அது அழக்கூட இல்ல. என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

சரி, சின்னப் பிள்ள, போகட்டும்னு விட்டேன். மறுநாள் என்ன செஞ்சுச்சு தெரியுமா? வலது கையில கட்டு. இடது கையில தட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்து, கட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்க விரலால தட்டு விளிம்புல ணங் ணங்னு ரெண்டு தட்டு தட்டுது. கல்யாண வீட்டுல லேட்டானா இலையைத் தட்டுவானுகளே சில பேரு, அப்படி! எனக்கு எப்படி இருக்கும்? ஊத்தி அனுப்பிட்டேன். அடுத்து வந்த பிள்ளையும் தட்டுது. அதுக்கடுத்த நாள் வரிசை மொத்தமும் தட்டுது. தொண்ணூத்தாறு எவர்சில்வர் தட்டு. கிட்ட வரும், ணங் ணங். நகரும். அடுத்தது வரும், ணங் ணங். பத்தொம்பது வருசம் சோறு போட்டவளை இப்படியா கேலி பண்ணுவீகன்னு எனக்கு ஆத்திரம் பொங்கிருச்சு. "ஏட்டி, சோத்தையே கண்ணுல பாக்காத மாதிரி என்னட்டி தட்டுதீக?"ன்னு கத்தினேன். பெரிய டீச்சரு வந்து, யாரு இதை ஆரம்பிச்சதுன்னு கேட்டாக. எல்லாம் சசியைக் காட்டுச்சுக. தட்டோட அதை வெளிய வெயில்ல நிக்க வெச்சாக. நல்லா வேணும்னு நெனச்சேன். மரகதம்மா இம்புட்டையும் பாத்துக்கிட்டே நின்னுட்டு, சாயங்காலம் கூப்பிட்டு, "ஆவுடை, புதுச் சீட்டு வாங்கிட்டு வா. இல்லைன்னா வேற ஆள் பாக்கணும்"னாக. பிள்ளைக தட்டைத் தட்டுனதுக்கு எனக்கு எதுக்குச் சீட்டு? இதுல ஏதாவது நியாயம் இருக்கா, நீங்களே சொல்லுங்க.

என்ன கேக்கீக?

பிள்ளைக தட்ட ஆரம்பிச்சப்புறம் யாரு கையிலயாவது ஊத்துனேனான்னா? இல்ல. ஒரு சொட்டு கீழ சிந்தல. எப்படிச் சிந்தும்? சத்தம் வர்ற பக்கம் கரண்டியைக் கொண்டு போனா தட்டு அங்கதானே...

இருங்க.

இருங்க மதினி, ஒரு நிமிசம் பேசாதீங்க.

எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. அந்தப் பிள்ள. தட்டு இந்தா இருக்கு ஆயா, இங்க ஊத்துன்னு. வாயில சொன்னா டீச்சருக்குக் கேட்டுரும்னு விரலால சொல்லியிருக்கு. கொப்பளம் வெந்த கையால. மத்த பிள்ளைகளுக்கும் சொல்லிக் குடுத்திருக்கு. ஏழு வயசு மதினி அதுக்கு. அதைப் போயி நான் வெயில்ல நிக்க வெச்சுட்டேனே. வெயில்ல நின்னு அந்தச் சோத்தைத் தின்னுச்சோ கொட்டுச்சோ, அதைக்கூட நான் பாக்கல. எங்கிட்டுப் பாக்க? அது நின்னது வலது பக்கம்.

அது தட்டை இழுக்கவே இல்ல. தட்டு இருந்த இடத்துலதான் இருந்திருக்கும். நான் தட்டையும் பாக்கல, பிள்ளையையும் பாக்கல. இருட்டுக்குள்ள சாய்ச்சேன். கையில பட்டதுக்கு இப்படி, முகத்துல பட்டிருந்தா? குனிஞ்சு நின்னிருந்தா? ஐயோ, என் கையைக் கொஞ்சம் பிடிங்க மதினி. எங்க இருக்கீக? ஆங்.

காலையில பெஞ்சுல எனக்கு முன்னால ஒம்பது பேருதான். போன தடவை பதினாலு கேட்டு வெச்சது மறக்கல. ட. ப, ர. க, ம, ய. ஒரு எழுத்துகூட இன்னைக்கி நான் பாக்கல. போர்டு எந்தச் சுவத்துல தொங்குதுன்னே தெரியல. முழுசும் மனப்பாடம். நர்சுப் பிள்ள அதை நம்பி, பார்வை நல்லா இருக்குன்னு சீட்டுல எழுதிட்டா. எழுதும்போது பேனாச் சத்தம் கேட்டுச்சு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சுன்னு நெனச்சா இப்பம் பயமா இருக்கு.

காலடிச் சத்தம் கேக்குதா? நர்சுப் பிள்ளதான். செருப்புச் சத்தத்தை வெச்சே சொல்லுவேன். நீங்க இங்கயே இருங்க. என் இடது கண்ணு மாதிரி ஆக்கிக்கிடாதீங்க. அவுக பச்சை வெளிச்சம் அடிச்சா அடிக்கட்டும், இருட்டுனா இருட்டட்டும், அது தெளிஞ்சிரும். தெளியாததை என்கிட்ட பாருங்க.

தாயி, இங்க வா. ஆமா, ஆவுடைத்தாய் நான்தான். டாக்டரம்மாகிட்டப் போறதுக்கு முந்தி அந்தச் சீட்டுல காலையில எழுதுனதை அடிச்சிரு. அது பொய்யி. நான் படிக்கல, ஒப்பிச்சேன். திட்டு, எம்புட்டு வேணும்னாலும் திட்டு, ஆனா சீக்கிரம் கூட்டிட்டுப் போ. எனக்குத் திரை விழுந்திருக்கு தாயி. வலது பக்கமிருந்து பாதிக்கு மேல வந்துருச்சு. இன்னையோட பதினோரு நாளு. நீ மூணு தடவை வாசிச்சியே, அன்னைக்கே வரணும்னு. கேட்டேன். எல்லாம் கேட்டேன். ஆபரேசன்னாலும் சரி, வேலை போனாலும் சரி. ஊருக்குப் போயி அந்தப் பிள்ளை கை ஆறிருச்சான்னு நான் பாக்கணும்.

துணைக்கு ஆள் வரல தாயி, டீக்கடையில யாருமில்ல, அதுவும் பொய்யிதான். நீ முன்னால போ. என்னைப் பிடிக்க வேண்டாம், போயி டாக்டரம்மா ரூம்பு கதவுல ரெண்டு தட்டு தட்டு. சத்தம் வர்ற பக்கம் நான் வந்துருதேன்.